நான்காவது கட்டம் காலியாக இருந்தது: ராயபுரத்தில் ஒரு கிறிஸ்தவ வாழ்க்கைப் பயிற்சி, நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருகிற இளைஞரைத் 'தம்பி' என்றே எழுதுகிறேன். அவர் கேட்டுக்கொண்டது அது. எழுதி முடித்ததும் முதலில் அவரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். வயது, வேலை, வீட்டு விவரம் சிலவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை, நான் செய்த தவறுகளையும் மறைக்கவில்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். 19 வருடம் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, அப்புறம் லைஃப் கோச் பயிற்சி படித்து, கிறிஸ்தவ விசுவாசத்தோடு அந்த வேலையைச் செய்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.ஐ. சபைக்குப் போகிறவள்.

கோச்சிங் என்றால் நம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது நீட் கோச்சிங்தான். லைஃப் கோச் என்றால் மேடையில் நின்று உற்சாகப்படுத்துகிறவர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து செய்கிற வேலை. வந்தவர் எங்கே போக விரும்புகிறார், இப்போது எங்கே நிற்கிறார், என்னென்ன வழி இருக்கிறது, அதில் எதைச் செய்யப்போகிறார் என்று கேள்வி கேட்டுக் கேட்டு அவர் வாயிலிருந்தே வரவழைப்பது. புத்தி சொல்வது கோச்சின் வேலை இல்லை. பழைய காயத்தை ஆற்றுவதும் இல்லை, அதற்கு ஆலோசகர்களும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பாவமன்னிப்பும் திருவிருந்தும் போதகரின் பொறுப்பு.

இதற்கென்று சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு ஒன்று அமெரிக்காவில் 1995-ல் தொடங்கியது. அதன் முதல் நிலைச் சான்றுக்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். ஆனால் சான்று கட்டாயமில்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். லைஃப் கோச் என்று போர்டு மாட்ட அப்படி எந்தப் பதிவும் கேட்பதில்லை. எது என் வேலை, எது என் வேலை இல்லை என்கிற கோட்டை நானேதான் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வு முழுக்க அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

கிறிஸ்தவ கோச்சிங்குக்கு வேத ஆதாரம் கேட்பவர்களிடம் நான் நீதிமொழிகள் 20:5-ஐச் சொல்வேன். "மனுஷனுடைய இருதயத்திலுள்ள யோசனை ஆழமான தண்ணீர்போலிருக்கிறது, புத்திமானோ அதை மொண்டெடுப்பான்." வடசென்னையில் அடிபம்பில் தண்ணீர் அடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வசனத்தை விளக்கவே தேவையில்லை. தண்ணீர் கீழே இருக்கிறது. நாம் கொண்டுவந்து ஊற்றுகிற ஒரு சொம்பு பம்பைப் பிடிக்க வைக்கத்தான்.

அனுப்பியவர் யார், வந்தவர் யார்

பிப்ரவரி இரண்டாவது வாரம் ஒரு போதகர் போன் செய்தார். காசிமேட்டுக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஷீட் போட்டுச் சபை நடத்துகிறவர். எழுபது குடும்பம் வருகிறது. வாரநாட்களில் ஷேர் ஆட்டோ ஓட்டித்தான் தன் வீட்டைப் பார்க்கிறார், சபைக் காணிக்கையைத் தொடுவதில்லை. நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரோடு எனக்கு வந்த கருத்து வேறுபாட்டை வைத்து யாரும் அவரைத் தவறாக எடை போடக்கூடாது.

"சிஸ்டர், நம்ம வாலிபர் தம்பி ஒருத்தர் இருக்கார். ஊழிய அழைப்பு இருக்கு. போன நவம்பர் கூட்டத்துல வந்த ஊழியக்காரரும் தலையில கை வச்சு அதையேதான் சொன்னார், இந்த வருஷத்துக்குள்ள வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வருவார்னு. ஆனா தம்பி தயங்குறார். பயம்தான். நீங்க நாலஞ்சு தடவ பேசி ஒரு தெளிவு கொடுங்க. செலவை சபை பாத்துக்கும். அப்பப்ப எப்படிப் போகுதுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் 'சரி பாஸ்டர்' என்றேன். அந்த ஒரு 'சரி'க்குள் மூன்று தவறு இருந்தது. 'தெளிவு' என்று அவர் சொன்னதில் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது, அதை நான் கவனிக்கவில்லை. பணம் சபையிலிருந்து வருவதற்கு ஒத்துக்கொண்டேன். 'ஒரு வார்த்தை' சொல்கிறேன் என்றும் ஒத்துக்கொண்டேன். எங்கள் கூட்டமைப்பின் நெறிமுறையே கோச்சிங் பெறுகிறவரையும் அதற்கு ஏற்பாடு செய்து பணம் கொடுப்பவரையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. யாருக்கு எந்தத் தகவல் போகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எல்லாரும் சேர்ந்து பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். படித்திருக்கிறேன். ஆனால் ஒரு போதகர் போனில் அன்பாகக் கேட்கும்போது நெறிமுறையின் பக்கம் நினைவுக்கு வரவில்லை. 'ஐயா கேட்கிறார்' என்பதுதான் முன்னால் வந்தது.

தம்பிக்கு 27 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைக் கணக்கெடுத்து டேலி எழுதுகிற வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட், சம்பளம் 21,000 ரூபாய். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், அதாவது கூலிக்குப் பதில் பிடிப்பில் ஒரு பங்கு, சொந்தப் படகு கிடையாது. வீடு பரம்பரைக் கத்தோலிக்கர். ராயபுரம் புனித இராயப்பர் கோவில் 19-ஆம் நூற்றாண்டில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றிய மசூலாப் படகோட்டிகள் கட்டிய கோவில். இயேசுவின் சீடரான மீனவர் பேதுருவைத்தான் கத்தோலிக்கர் இராயப்பர் என்பார்கள். ராயபுரம் என்ற பேரே இராயப்பரிடமிருந்து வந்தது என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, டிப்ளமோ படிக்கும்போது நண்பன் கூப்பிட்டு மொட்டை மாடிச் சபைக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டார். அக்காவுக்குப் போன வருடம் கல்யாணம். நகை வங்கியில், மீதிக்குத் தண்டல், அதாவது தினம் திருப்பிக் கட்டுகிற கடன்.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதே இங்கே ஒரு கேள்வி. என் வீடு ஒற்றை அறை. தம்பியின் வீட்டில் நான்கு பேர் படுக்கிற இடத்தில்தான் பேச வேண்டும். சபையில் பேசினால் சுவருக்குக் காது. பெண்ணான நான் ஓர் இளைஞரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் தெருவே பேசும். கடைசியில் ராபின்சன் பூங்காவுக்குப் போனோம். 1949-ல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே எல்லார் கண்ணுக்கும் படுவோம், யார் காதுக்கும் எட்டமாட்டோம். அதற்குப் பிறகு பலரையும் இப்படி வெளியில்தான் சந்திக்கிறேன். ஏசி அறையை விட இது பத்திரம் என்பது என் அனுபவம்.

முதல் இரண்டு சந்திப்பு

"தம்பி, இந்தப் பேச்சு முடியும்போது உங்களுக்கு என்ன கிடைச்சா நல்லாயிருக்கும்?" என்று தொடங்கினேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வி அப்படியே.

"கர்த்தருடைய சித்தம் தெரியணும் அக்கா."

"தெரிஞ்சா என்ன மாறும்?"

"அவர் சித்தத்தைச் செய்வேன் அக்கா. என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு."

ஒரு மணி நேரமும் இப்படியே போனது. நான் எதைக் கேட்டாலும் ஒரு வசனம் வந்தது. வசனம் தவறில்லை, அதை அவர் நம்பியதும் உண்மை. ஆனால் வசனம் முடிகிற இடத்தில் அவர் முகம் தொடங்கவே இல்லை. வசனம் வராத இடங்களில் 'நாங்க' வந்தது. "உங்களுக்கு என்ன வேணும்?" என்றால் "எங்க வீட்டுல கொஞ்சம் கஷ்டம் அக்கா" என்பார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றால் "நாங்க ஜெபிச்சுக்கிட்டு இருக்கோம்" என்பார்.

அதை நழுவல் என்று நினைத்தேன். கோச்சிங் பாடங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, 'நான்' என்று தயங்காமல் சொல்கிற மனிதருக்காக எழுதப்பட்டவை. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத இரவெல்லாம் வீடே விழித்திருக்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு 'நாங்க' என்பதுதான் இயல்பான சொல். அந்த வீட்டில் ஒருவர் வேலையை விட்டால் நான்கு பேரின் சோறு மாறும். ஆகவே 'எனக்கு என்ன வேண்டும்' என்பது அங்கே பாதிக் கேள்விதான். இது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

இரண்டாவது சந்திப்பில் கொஞ்சம் இறங்கிப் பேசினார். இரண்டு தண்டல் ஓடுவதைச் சொன்னார், தினம் 300 ரூபாய். தண்டல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 10,000 ரூபாய்த் தண்டல் என்றால் முதலிலேயே பிடித்தம் போகக் கையில் 9,000 வரும், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால் சராசரியாகப் பாதிப் பணம்தான் நம் கையில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் வருடக் கணக்கில் வட்டி 80 சதவீதத்தை நெருங்கும். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து சட்டம் இருக்கிறது. இருந்தும் காலையில் வீட்டு வாசலில் பைக் சத்தம் கேட்கிறது.

அன்று முடிக்கும்போது நான் ஜெபம் செய்தேன். மனதுக்குள் கடன் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, இந்தத் தம்பி அவசரப்படாதபடிக்கு, குடும்பப் பொறுப்பை உணர்ந்து நடக்க ஞானத்தைக் கொடும்" என்று ஜெபித்தேன். ஆமென் சொல்லிவிட்டுத் தம்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்களும் போக வேணாம்னுதான் சொல்றீங்க அக்கா."

எனக்கு முகம் சுட்டது. ஒரு மணி நேரம் கருத்துச் சொல்லாமல் காத்துவந்ததை இரண்டு நிமிட ஜெபத்தில் போட்டு உடைத்துவிட்டேன். அதுவும் மறுத்துப் பேச முடியாத வடிவத்தில். நான் பேச்சில் சொல்லியிருந்தால் "இல்ல அக்கா" என்று அவர் சொல்லியிருக்கலாம். கடவுளைப் பார்த்துச் சொன்னதற்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? ஊழியக்காரர் கை வைத்துச் சொன்னார், பாஸ்டர் அழைப்பு என்றார், நான் ஜெபத்தில் சொன்னேன். மூன்று பேரும் ஆண்டவரின் பேரில் பேசியவர்கள்தான். கிறிஸ்தவ கோச்சிங்கின் மிகக் கடினமான இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மற்ற கோச்சுகளிடம் இல்லாத ஒரு பெரிய அதிகாரம் நம் கையில் இருக்கிறது, அது நமக்கே தெரியாமல் வேலை செய்கிறது.

அன்று இரவே பாஸ்டருக்குப் போன் செய்து, சபைப் பணம் வேண்டாம் என்றும், தம்பி சொல்வதைத் தம்பியே சொன்னால் ஒழிய நான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். அவருக்கு வருத்தம். "நான் மேய்ப்பன் சிஸ்டர். ஆட்டுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் அவரைத் திருப்திப்படுத்தும் பதில் இன்று வரைக்கும் இல்லை. தம்பியிடம் ஒரு சந்திப்புக்கு 100 ரூபாய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். கொடுக்கிறவர் அவராக இருந்தால்தான் அந்த நேரம் அவருடையதாக இருக்கும் என்று நினைத்தேன்.

காகிதம்

மார்ச் நடுவில் மூன்றாவது சந்திப்பு. நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார், கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். முந்தைய சந்திப்புகளிலும் அப்படித்தான். அதை ஆர்வமின்மை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன், அந்த வரி இன்னும் இருக்கிறது.

ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து நான்கு கட்டம் ஆக்கினேன். 'கூட்டத்தில் சொன்னது', 'பாஸ்டர் சொன்னது', 'வீட்டில் சொன்னது', 'நான் சொல்வது' என்று மேலே எழுதினேன். "அக்கா, நீங்க ஜெபத்துல சொன்னதையும் எழுதணுமா?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன், அது மூன்றாவது கட்டத்துக்குள் போனது.

முதல் மூன்று கட்டமும் பத்து நிமிடத்தில் நிறைந்தன. கூட்டத்துக் கட்டத்தில் தீர்க்கதரிசனமும், புத்தாண்டு இரவு ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று அட்டையில் அவருக்கு வந்த வாக்குத்தத்த வசனமும். யோவேல் 2:25, வெட்டுக்கிளிகள் பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்ப அளிப்பேன் என்பது. அந்த அட்டை அவர் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறதாம். வீட்டுக் கட்டத்தில் அம்மா சொன்னது: "ஆண்டவருக்கு நீ மட்டும்தான் கிடைச்சியா, கடன் அடைச்சிட்டுப் போ." அப்பா சொன்னது என்று ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "அப்பா இதப் பத்திப் பேசுனதே இல்ல அக்கா" என்றார்.

நான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நான் பேசவில்லை. பூங்காவில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டு நிமிடம் இருக்கும். கோச்சிங்கில் மௌனத்தைத் தாங்கப் பழக வேண்டும் என்பார்கள். இது பழகித் தாங்குகிற மௌனமாக இல்லை, எனக்கு வயிறு கலங்கியது. அப்புறம் ஒரே ஒரு சொல் எழுதினார்.

'தூங்கணும்.'

எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்று கேட்டேன். டிசம்பரிலிருந்து என்றார். ஷிஃப்ட் முடிந்து பகலில் படுத்தாலும் இரண்டு மணி நேரம், மீதி நேரம் முழங்காலில். சபையில் அதை ஜெபவீரன் என்று பாராட்டியிருக்கிறார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை, பாட்டுப் பாடப் பிடிக்கவில்லை, கிடாரைத் தொட்டு மூன்று மாதம். "காலைல எழுந்திருக்கவே கூடாதுன்னு தோணுது அக்கா" என்றார், ரொம்பச் சாதாரணமாக, பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி.

கோச்சிங்கை அங்கேயே நிறுத்தினேன். "தம்பி, உயிரை விட்டுடணும்னு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேட்டேன். கேட்டால் இல்லாத நினைப்பை உண்டாக்கிவிடுவோமோ என்று பலர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது, நேராகக் கேட்பதுதான் பாதுகாப்பு என்று பயிற்சி பெற்றவர்கள் எல்லாரும் சொல்வார்கள். திட்டம் ஏதும் இல்லை, ஆனால் நினைப்பு வந்து போகிறது என்றார். இனி இதை நான் தனியாக வைத்துக்கொள்ள முடியாது, வீட்டில் ஒருவருக்குச் சொல்லியே ஆக வேண்டும், யாருக்குச் சொல்லலாம் என்று கேட்டேன். அம்மா என்றார். அங்கேயே உட்கார்ந்து அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசினோம். சென்னையில் 1986-லிருந்து இயங்குகிற, தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணையும் அவர் போனில் ஏற்றினேன். அப்புறம் ஷேர் ஆட்டோ பிடித்து அவரை வீட்டில் விட்டு, அம்மாவிடம் பேசிவிட்டுத்தான் திரும்பினேன்.

கீழ்ப்பாக்கம் என்ற சொல்

"என் புள்ளைய கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறியாம்மா?" அம்மா கேட்ட முதல் கேள்வி இது. சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருப்பதால் ஊர்ப்பேரே வசவாகிவிட்டது. எத்தனை பேர் இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருக்கிறார்களோ.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநல ஓ.பி. இருக்கிறது, காய்ச்சலுக்குச் சீட்டு வாங்குகிற மாதிரிச் சீட்டு வாங்கிப் போகலாம் என்று சொன்னேன். அம்மாவுக்கு ஸ்டான்லி பயமில்லாத இடம், மூன்று பிள்ளைகளையும் அங்கேதான் பெற்றார். போதகரிடமும் பேச வேண்டும் என்று தம்பியே சொன்னார். மருந்து சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று போதகர் சொல்லிவிடுவாரோ என்று தம்பிக்குப் பயம். நானும் கொஞ்சம் பயந்தேன்.

போதகரிடம் நான் 1 இராஜாக்கள் 19-ஐப் பிரித்தேன். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். வானத்திலிருந்து அக்கினி இறக்கிய தீர்க்கதரிசிதான் அவர். தூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, அவருடைய அழைப்பை நினைப்பூட்டவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்திருந்து சாப்பிடு என்றான். திரும்பத் தூங்கினார், திரும்பச் சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. "பாஸ்டர், நான் அந்தக் கேள்வியை நாற்பது நாள் முன்னாடியே கேட்டுட்டேன்" என்றேன். போதகர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆட்டோ ஓட்டாமல் தம்பியோடும் அம்மாவோடும் ஸ்டான்லிக்குப் போய் வரிசையில் நின்றவர் அவர்தான்.

டாக்டர் மனச்சோர்வு என்றார், மாத்திரை கொடுத்தார், நைட் ஷிஃப்டை மாற்றச் சொன்னார். சிகிச்சை விவரத்துக்குள் நான் போகவில்லை, அது என் கோட்டுக்கு அந்தப் பக்கம். வாரம் ஒரு முறை "சாப்பிட்டீங்களா தம்பி" என்று மட்டும் போனில் கேட்டேன். ஒன்பது வாரம் எங்களுக்குள் எந்தச் சந்திப்பும் கிடையாது.

தடைக்காலம்

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். காசிமேட்டில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும், மரவேலை, பெயின்ட், வலை சரிபார்ப்பு என்று துறைமுகம் வேறு ஒரு சத்தத்துக்கு மாறும். பங்குக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டமான காலம். இந்த வீட்டுக்கு அது வேறு விதமாகவும் உதவியது. தம்பி பகல் ஷிஃப்டுக்கு மாறியிருந்தார், அப்பா வீட்டில் இருந்தார். சாயங்காலம் இருவரும் படகுப் பக்கம் போய் வலை பின்னியிருக்கிறார்கள். பேசாத அப்பா பேசியிருக்கிறார்.

மே நடுவில், டாக்டர் சரி என்ற பிறகு, திரும்பச் சந்தித்தோம். தம்பி அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்திருந்தார். வீட்டுக் கட்டத்தில் புதிதாக இரண்டு வரி.

"இராயப்பரும் வலைய வுட்டுட்டுத்தான் போனாரு. ஆனா அவரு மாமியார் காய்ச்சல்ல கெடந்தப்போ ஆண்டவரு வீடு தேடிப் போயி எழுப்பி வுட்டாருல்ல." அப்பா சொன்னது.

மூன்று வேதசாஸ்திரிகள் உட்கார்ந்து பேசினாலும் அந்த வீட்டுக்கு இவ்வளவு பொருத்தமாக ஒரு பதில் வந்திருக்காது. அப்பா போகாதே என்று சொல்லவில்லை. கூப்பிடுகிறவர் வீட்டையும் பார்ப்பவர் என்கிறார். சபை மாறிப்போன மகனுக்கும் கோவில் மாறாத அப்பாவுக்கும் நடுவில் பல வருடம் இருந்த மௌனம் அதில் கொஞ்சம் உடைந்தது. நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் இதில் பங்கில்லை.

அதற்குப் பிறகு நடந்த நான்கு சந்திப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவை சாதாரணக் கோச்சிங். லூக்கா 14-ல் கோபுரம் கட்டுகிறவன் செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பதை வைத்துக் கடன் அட்டவணை போட்டார். தண்டல் இரண்டையும் முடித்துவிட்டு மூன்றாவது எடுப்பதில்லை என்று முடிவு செய்தார், நகைக்கடன் வட்டிக்கு மாதம் ஒரு தொகை. நைட் அலவன்ஸ் போனதால் சம்பளத்தில் சுமார் 2,000 குறைந்தது, அதையும் சேர்த்துத்தான் கணக்கு. 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்பதை நான் நிறுத்தியிருந்தேன். "வீட்டுல நாலு பேருக்கும் என்ன வேணும், அதுல உங்க பங்கு எது?" என்று கேட்டேன். பங்கு என்ற சொல் படகு வீட்டுப் பிள்ளைக்கு உடனே பிடிபட்டது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் 'நான்' என்ற சொல்லே அவர் வாயில் வர ஆரம்பித்தது.

ஜூலையில், கடைசிச் சந்திப்புக்கு முந்தின வாரம், போதகரிடம் தானே போய்ப் பேசினார். "பாஸ்டர், அழைப்பு இல்லன்னு சொல்லல. இந்த வருஷம் இல்ல. சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குறேன், அத ஊழியமா எடுத்துக்கங்க" என்றாராம். போதகர் அதை ஏற்றுக்கொண்டார், முழு மனதோடு என்று சொல்ல முடியாது.

இன்னும் இடறுகிற இடங்கள்

ரகசியம் காப்பது பற்றி முதல் சந்திப்பிலேயே இப்போது எழுத்தில் கொடுக்கிறேன், ஒரு பக்கம், எளிய தமிழில். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வேன். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். மற்றபடி போதகர் கேட்டாலும் பெற்றோர் கேட்டாலும் சொல்லமாட்டேன். இந்தக் காகிதத்தைக் காட்டியதும் இரண்டு சபைகள் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டன. அவர்கள் கோணத்திலிருந்து பார்த்தால், தங்கள் பிள்ளையை ஒரு வெளியாளிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பது மாதிரி இருக்கிறது. எனக்கு அது புரிகிறது, ஆனாலும் மாற்றப்போவதில்லை.

கட்டணம் அடுத்தது. "ஊழியத்துக்குக் காசு வாங்குறீங்களா?" என்ற கேள்வி வராத மாதம் இல்லை. நான் இதை ஊழியம் என்று சொல்வதில்லை, வேலை என்றுதான் சொல்கிறேன். தச்சு வேலைக்குக் கூலி உண்டு. ஆனால் தினம் 300 ரூபாய்த் தண்டல் கட்டுகிறவரிடம் 100 ரூபாய் வாங்கும்போது கை கூசத்தான் செய்கிறது. தம்பிக்குச் செய்த சந்திப்புகளில் முதல் இரண்டுக்கு வாங்கவில்லை.

ஜெபம் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சந்திப்பின் முடிவில் வந்தவர்தான் ஜெபிப்பார். அவருக்கு வாய் வரவில்லை என்றால் இருவரும் அமைதியாக இருப்போம், இல்லை இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்வோம். அதில் என் கருத்து எதையும் நுழைக்க முடியாது. இதைச் சக கோச் ஒருவரிடம் சொன்னபோது, அப்படியானால் கிறிஸ்தவ கோச் என்று எதற்குச் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். வந்தவரிடம் ஆவியானவர் நேராகப் பேசுவார் என்று நம்புவதால்தான் நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

மேற்பார்வைக்கு ஆள் இல்லாதது பெரிய குறை. என் குறிப்பேட்டை மூத்த கோச் ஒருவர் மார்ச்சுக்கு முன்பே படித்திருந்தால் 'கொட்டாவி, ஆர்வமின்மை' என்ற வரியில் நின்றிருப்பார். இப்போது மாதம் ஒரு முறை, ஆலோசகராகப் பல வருடம் வேலை செய்த ஓர் அக்காவிடம், பேர் சொல்லாமல் என் குறிப்புகளைப் படித்துக் காட்டுகிறேன். முதல் சந்திப்பில் இலக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் தூக்கம், சாப்பாடு, யாரோடு சிரித்துப் பேசுகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதுகிறேன். ஒன்று சரியில்லை என்றாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். சிலர் திரும்பி வருவதில்லை.

ஆறு மாதம் கழித்து

ஜனவரியில் தம்பியைத் திரும்பப் பார்த்தேன். மருந்து தொடர்கிறது, அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு தண்டல் முடிந்துவிட்டது. இன்னொன்றை முடித்த மாதமே அக்கா பிரசவச் செலவுக்கு அம்மா வேறு பேரில் ஒன்று எடுத்துவிட்டார், தம்பிக்கு அதில் கோபம். சனிக்கிழமை டியூஷனுக்குப் பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள். புத்தாண்டு ஆராதனையில் இந்த வருடம் என்ன வசனம் வந்தது என்று கேட்டேன். சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காலண்டருக்குப் பக்கத்தில் பழைய அட்டையும் இன்னும் இருக்கிறதாம். எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று கேட்டேன். பத்தரைக்குப் படுத்து, ஆறு மணிக்கு அப்பா எழுப்பினாராம்.